சம்பந்தி வீட்டு மைக்

விருதுநகர் ரயில் நிலையத்தில் நான் இறங்கும்போது என்னிடம் ஏழு உருப்படிகள் இருக்கவேண்டும்: பெட்டி இரண்டு, அட்டைப்பெட்டி மூன்று, தோள்பை ஒன்று, குடை ஒன்று. பிளாட்பாரத்தில் எண்ணிப் பார்த்தால் ஆறுதான் இருந்தன. குடையைக் காணோம். திண்டுக்கல்லில் ஏறி எதிரே உட்கார்ந்து, சுனாமி பினாங்கில் எந்தப் பக்கமாக வந்தது என்று விடாமல் கேட்டுக்கொண்டே வந்த மனிதர்மேல் சந்தேகப்பட்டு, 'குடை, குடை' என்று முணுமுணுத்தபடி நின்றேன்.

"கொடை போனாப் போகுது சம்பந்தி. இங்க மழை பெஞ்சு எம்புட்டு நாளாச்சு!" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. எனக்குத் தெரிந்து அவ்வளவு சத்தமாகப் பேசுகிறவர் ஒருவர்தான்.

என் மகள் சுமதியின் மாமனார் அவர். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். அவருடைய மகன் முருகேசன் எட்டு ஆண்டுகளுக்கு முன் பினாங்குக்கு அச்சு இயந்திரம் பூட்ட வந்தவன். இயந்திரத்தைப் பூட்டிவிட்டு, என் ஒரே மகளையும் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டான். இப்போது என் பேத்தி மீனாவுக்கு மூன்று வயது. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். சுமதிக்கு உடன்பிறந்தவர் இல்லை. எனக்கும் இல்லை. என் மனைவியின் பக்கத்திலோ எல்லாம் பெண்கள். ஆகவே மாமன் செய்யவேண்டியதைத் தாத்தாவாகிய நான் செய்யவேண்டும். மனைவிக்கு முழங்கால் வலி என்பதால் நான் மட்டும் வந்தேன்.

"ரயில்ல வந்தவுகளுக்கு மொதல்ல வயிறு" என்று சம்பந்தி என்னை நேராகச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் பொரிக்கிறார்கள். முறுக்கைப் போல நொறுங்குகிறது. அதைப் பிய்த்துப்போட்டு மேலே சால்னாவை ஊற்றுகிறார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாயோடு ஒப்பிட்டு ஏதாவது குறை சொல்லவேண்டும் என்று யோசித்துக்கொண்டே நான்கு தின்றுவிட்டேன். சம்பந்தி ஒன்பது தின்றார். என் வயதுதான் அவருக்கும். சர்க்கரை இல்லை, இரத்தக் கொதிப்பு இல்லை. பல் முப்பத்திரண்டும் இருக்கிறது. அவர் சிரிக்கும்போது எண்ணிவிட்டேன். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கண் தானாக எண்ணும்.

வெளியே கார் நிற்கும் என்று நினைத்திருந்தேன். லேபிள் கட்டுகள் ஏற்றிய குட்டி லோடு வண்டிதான் நின்றது. "எப்படியும் சிவகாசி போற வண்டி. எதுக்கு வீணா காரு?" என்றார். மருமகளின் தகப்பன், கடல் தாண்டி வந்தவன், டிரைவருக்கும் சம்பந்திக்கும் நடுவில் கியர் கம்பிக்கு இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. டிரைவர் டயரை உருட்டிக்கொண்டு போக, நாங்கள் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்தோம். பொட்டல் வெயில். கருவேல மரத்தைத் தவிரப் பச்சை என்று ஒன்றுமில்லை. பினாங்கில் கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் பச்சைதான். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் டீக்கடை அம்மாள் சம்பந்தியிடம், "யாரு, சுமதியோட அப்பாவா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க மக நல்லாப் பேசும்யா" என்றாள்.

ஆள் மாறிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் மகளுக்குத் திக்குவாய். சிறுவயதிலிருந்தே. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. தொலைபேசி அடித்தால் நான் எடுப்பேன். கடையில் அவளுக்கு வேண்டியதை நான் கேட்பேன். பள்ளியில் ஆசிரியை பெயர் கேட்டால் நான் சொல்வேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு தகப்பன் பினாங்குத் தீவில் இன்னொருவன் இருந்திருக்கமாட்டான்.

வீட்டு வாசலில் மீனா நின்றிருந்தாள். பொம்மையை நீட்டினேன். பொம்மையை மட்டும் வாங்கிக்கொண்டு சம்பந்தியின் கழுத்தில் போய்த் தொற்றிக்கொண்டாள். "பிளேன் தாத்தாகிட்டப் போ" என்றார் அவர். அவள் அவருடைய காதுக்குள் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அன்று இரவெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அச்சகத்துக்குப் போனேன். வீட்டோடு ஒட்டியதுதான். ஓர் இயந்திரம் நிற்காமல் லேபிள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. மயில், ராக்கெட், கிளி, மறுபடி மயில். தொலைபேசி மணி அடித்தது. பழக்கத்தில் நான் எழுந்தேன். அதற்குள் சுமதி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எடுத்துவிட்டாள்.

"ஆ... ஆமாண்ணே, ம... ம... மயில் லேபிளு நாளைக்குத் தந்துர்றோம். ரா... ராக்கெட்டு..."

ராக்கெட்டில் நின்றுவிட்டாள். நான் ரிசீவரை நோக்கிக் கையை நீட்டினேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற சம்பந்தி தலையைக்கூடத் திருப்பாமல், "என்ன மருமகளே, பேப்பர் சிக்கிருச்சா?" என்று கத்தினார்.

"இ... இருங்க மாமா, நான் எ... எடுத்துவிட்டுக்கிருவேன். நீங்க மெ... மெஷினப் பாருங்க, அதுல நெசமாவே சி... சிக்கிருக்கு" என்றாள் சுமதி.

உண்மையாகவே சிக்கியிருந்தது. பைண்டிங் பெண்கள் ஐந்து பேரும் சிரித்தார்கள். தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவனும் சிரித்திருக்கவேண்டும். சுமதி, "சி... சிரிச்சது போதும், அட்வான்ஸ அனுப்புங்க" என்று வைத்தாள்.

எனக்குக் கோபமாக வந்தது. ஒருவர் குறையை இப்படியா ஊர் நடுவில் வைத்துக் கேலி செய்வது? ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. என் வீட்டில் இருந்த அத்தனை ஆண்டுகளில் அவள் அப்படி ஒருமுறை சிரித்து நான் பார்த்ததில்லை.

மாலையில் ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் உட்காரவைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போனாள். வேட்டிக்காரன் பெண் ஓட்டும் வண்டியில் ஒருக்களித்து உட்காருவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு விற்ற ஒருத்தியிடம், நான் வாயைத் திறப்பதற்குள், இரண்டு பிஞ்சு கூடப் போடும்படி சண்டை பிடித்தாள். வார்த்தை நின்ற இடத்திலெல்லாம் அந்தப் பெண்மணி தராசைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். சுமதி முடித்த பிறகுதான், "போதும் தாயீ, ஒன்னய ஜெயிக்க முடியுமா?" என்று இரண்டை எடுத்துப் போட்டாள். பிஞ்சு இனிப்பாக இருந்தது. நான் இல்லாமலே வாங்கப்பட்ட வெள்ளரி அது. ஏழு தின்றேன்.

அதற்கடுத்த நாள் சம்பந்தியம்மா தேங்காய் உடைத்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னார்: "மைக்குக்கு வேற ஆளு வேணாம்னுட்டோம் அண்ணே. நம்ம சுமதிதான் வாசிக்கப்போறா."

இந்தப் பக்கத்து விசேஷங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. யார் என்ன சீர் கொண்டு வந்தார்கள் என்பதை ஊரும் பேருமாக ஒலிபெருக்கியில் வாசிக்கவேண்டும். எங்கள் பினாங்கில் மொய் உறையைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம்.

"சுமதியா?" என்றேன்.

"மூணு வருசமா அவதான். எங்க நாத்தனா மக கல்யாணத்துல மைக்குக்காரன் தண்ணியப் போட்டுட்டு மேடைக்குப் பின்னாடி படுத்துட்டான். ஆம்பளைக ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டு நிக்காக. இவ போய்ப் புடிச்சா. ஒருத்தர் பேரையும் முழுங்கமாட்டா அண்ணே. மத்தவன் அவசரத்துல பாதிப்பேர விட்டுட்டு ஓடிருவான். இவ நின்னு, முழுசாச் சொல்லிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவா. இப்பப் பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் கூப்புடறாக."

நான் தெருமுனைத் தொலைபேசிக் கடைக்குப் போய்ப் பினாங்குக்குப் பேசினேன். பிரசவத்துக்கு இங்கு வந்து ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போன என் மனைவி, "எனக்குத்தான் தெரியுமே" என்றாள்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா அன்னிக்கே பிளேன் புடிச்சிப் போய் மைக்க புடுங்கியிருப்பீங்க."

அவளும் அவர்கள் பக்கம். ஐந்து மாதம் சம்பந்தி வீட்டு இட்லியைத் தின்றால் அப்படித்தான்.

மாலை மொட்டை மாடியில் சுமதி காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். தெற்கே பட்டாசுக் கம்பெனிகளின் சிறு சிறு அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, வேப்பங்கன்றுகளுக்கு நடுவே தெரிந்தன. ஓர் அறை வெடித்தால் அடுத்தது வெடிக்காமலிருக்க அப்படிக் கட்டுவார்களாம். சுமதியிடம், "நாளைக்கு முருகேசனே வாசிக்கட்டும்மா" என்றேன்.

"ஏ... ஏம்ப்பா?"

"முந்நூறு பேர் வருகிறார்கள். என் சீரை வாசிக்கும்போது நீ நடுவில் நின்றுவிட்டால் என்னால் தாங்க முடியாது. எனக்காக."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள். பிறகு இன்னொன்றை மடித்தாள். "ச... சரிப்பா" என்றாள். ஏன் என்று மறுபடி கேட்கவில்லை. அவ்வளவு எளிதாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

கோயில் எம். புதுப்பட்டியைத் தாண்டிப் பொட்டலில் இருக்கிறது. இரண்டு வேப்பமரம், ஒரு தகரக் கொட்டகை, மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி மூன்று. காலையிலேயே கிடாய் வெட்டி அடுப்பு மூட்டிவிட்டார்கள். மாமன் வீட்டுக்காரர்கள் கொஞ்ச தூரத்திலிருந்து கொட்டு முழங்கச் சீர்த் தட்டுகளைச் சுமந்து ஊர்வலமாக வரவேண்டும். இதை என்னிடம் யாரும் முன்பே சொல்லவில்லை. தட்டு இருபத்தொன்று. ஆள் நான் ஒருவன்.

தட்டுகளுக்கு நடுவில் நான் நின்ற நிலையைச் சம்பந்தி பார்த்தார். தன் சொந்தக்காரர்கள் நின்ற கூட்டத்துக்குள் நுழைந்து, சீட்டுக்கட்டைப் பிரிப்பதுபோலப் பிரித்தார். "நீ போ, நீ போ, ஏலே நீயும் போ. ஏ பேச்சி, பைண்டிங்காரிக அம்புட்டுப் பேரும் அங்கன போங்க. இன்னிக்கு நீங்க பினாங்கு ஆளுக."

இருபத்தொரு பேர் என் பக்கம் வந்தார்கள். வந்த உடனே மாறியும்விட்டார்கள். பைண்டிங் பேச்சி Milo டின் அடுக்கிய தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "ஏ, மாப்பிள வீட்டுக்காரகளா! வழிய விடுங்க. கப்பலேறி வந்த சீரு இது. ஒங்க ஊரு காராச்சேவு இல்ல" என்று கூவினாள்.

"காலையில எங்க வீட்லதானடி இட்லி தின்ன?" என்றது எதிர்ப் பக்கம்.

"அது காலையில!"

எல்லோருக்கும் முன்னால் நான் நடந்தேன். எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்தது. பிறந்தது முதல் எனக்கு அப்படி ஒரு கூட்டம் இருந்ததில்லை. கூடவே ஒன்று உறைத்தது: இருபத்தொரு பேரைக் கழற்றிக் கொடுத்த பிறகும் சம்பந்தியின் பக்கம் கொஞ்சமும் குறையவில்லை. ஆயிரம் வாலா கொளுத்தினார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். மற்ற யாரும் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு அது தும்மல் மாதிரி.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மீனாவைத் தூக்கிவந்து என் மடியில் உட்காரவைத்தார்கள். வந்த நாளிலிருந்து அவள் என்னைத் தொடவிட்டது அப்போதுதான். ஆசாரி ஊசியை எடுத்தார். இரண்டு காதையும் குத்தி முடிக்கும்வரை அவள் என்னை உதைத்தாள், மணிக்கட்டைக் கடித்தாள். நான் விடவில்லை. முடிந்ததும் துள்ளி இறங்கி ஓடி, சம்பந்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுகைகூட அவருக்குத்தான். எனக்குக் கிடைத்தவை நான்கு பல் தடங்கள்.

முருகேசன் மைக்கை எடுத்தான். நல்ல பையன். இயந்திரத்தோடு பேசத் தெரிந்தவன். "பரமசிவம் வகையறா தட்டு இருபத்தொண்ணு" என்று என் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அணைக்கப்போனான். ஊர் இல்லை, உறவு இல்லை, என்ன சீர் என்றுகூட இல்லை.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கொட்டகை ஓரத்திலிருந்து ஒரு கிழவி, "ஏலே முருகேசா, பஸ்ஸுக்கு டிக்கெட்டா கிழிக்கிற? மைக்க ஒம் பொண்டாட்டிகிட்டக் குடுலே!" என்றாள். "சுமதி எங்க? சுமதியக் கூப்புடு" என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. "என்னத்தா, வாயில கொழுக்கட்டையா?" என்றாள் பேச்சி.

சுமதி தாம்பாளத்தோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பாள். எட்டு ஆண்டுகளாக அதற்காகத்தான் ஏங்கினேன் என்றுகூடச் சொல்வேன். இப்போது கிடைத்துவிட்டது. சம்பந்தியை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். ஆனால் வெள்ளரிக்காய்க்காரியிடம் சண்டை பிடித்தவளை அங்கே காணவில்லை. தோள் குறுகியிருந்தது. தாம்பாளத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். முந்நூறு பேருக்கு நடுவில் என் மகளைப் பத்து வயதாக்கி நிறுத்தியிருந்தேன்.

"வாசிம்மா" என்றேன். உதடுதான் அசைந்தது.

"வாசிக்கச் சொல்றாரு!" என்று சம்பந்தி பொட்டல் அதிரக் கத்தினார்.

அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் மைக்கை வாங்கினாள்.

"தா... தாய்மாமன் சீரு. பி..."

நின்றது. வேப்பமரத்துக் குழாய்கள் விசில் அடித்தன. பினாங்கு என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைக் கடித்துப் பிடித்தேன். யாரும் அசையவில்லை. யாரோ பாக்கு வெட்டும் சத்தம் கேட்டது. அடுப்படியில் கரண்டி ஒன்று சட்டியில் தட்டியது. அவள் அவசரப்படவில்லை.

"பி... பி... பினாங்கு."

அடுத்தது என் பெயர். நம் வீடுகளில் பிள்ளைகள் அப்பாவின் பெயரைச் சொல்வதில்லை. வெளியே யாராவது கேட்டபோதும் அவளுக்காக நானே சொல்லியிருக்கிறேன். என் மகள் வாயிலிருந்து என் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அந்தக் கணத்தில்தான் தெரிந்தது.

"ப..." என்று நின்றாள். கண்ணை மூடவில்லை. தலையைக் குனியவில்லை. "ப... ப... பரமசிவம். எங்க அப்பா."

கடைசி இரண்டு சொற்களும் தங்குதடை இல்லாமல் வந்தன. மூன்று குழாய்களிலிருந்தும் கிளம்பிப் பொட்டல் தாண்டி, பூட்டிக்கிடந்த பட்டாசுக் கம்பெனிச் சுவர்கள்வரை போயின. பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். தங்கத் தோடு, பட்டுப்பாவாடை, Milo டின் பன்னிரண்டு. ஒன்றையும் முழுங்கவில்லை. நான் மூக்கைச் சிந்தினேன். கிடாய்க் குழம்பின் புகை என்று பேச்சியிடம் சொன்னேன். "ஆமா ஆமா, பொகைதான்" என்றாள்.

சம்பந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மீனா அவர் தோளில் தூங்கிப்போயிருந்தாள். வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினார். "எட்டு வருசமா எங்க வீட்ல இருக்கா. ஊர்ல வர்றவன் போறவன் பேரெல்லாம் மைக்குல சொல்லிட்டா. எம் பேர ஒருக்காகூடச் சொன்னதில்ல சம்பந்தி."

"ஏன்?"

"நான் வீட்டுக்காரன்ல? எங்க விசேசத்துல எம் பேர எதுக்கு வாசிப்பா? அடுத்த வீட்டு விசேசத்துக்குப் போனாலும் மாமனார் பேர மருமக சொல்லக்கூடாதுன்னு முருகேசன்கிட்டக் குடுத்துருவா." ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்க பேருக்கு எம்புட்டு நேரம் நின்னா!"

அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்பது பரோட்டா தின்ற முகம், முப்பத்திரண்டு பல் உள்ள முகம், என் பேத்தி படுத்துறங்கும் தோளுக்கு மேலிருந்த முகம், தொங்கிப்போயிருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லத் தோன்றவில்லை. விருதுநகரில் இறங்கியதிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

"இன்னொரு முறை வாசிக்கச் சொல்லலாமா?" என்றேன்.

"அதெல்லாம் ஒருக்காதான்" என்று சட்டென்று எழுந்து பந்தியைப் பார்க்க நடந்தார்.

நான் விடவில்லை. பின்னாலேயே போனேன். "மைக் பிடிக்கிற மற்றவர்கள் பேரை அரைப்பேராகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்" என்றேன். "என் பேரை என் மகள் நான்கு முறை தொடங்கினாள். கவனித்தீர்களா, நான்கு."